பாலைவனத்துக்கு நடுவுல இருக்கிற எரிமலைக்குள்ள நடந்து போக முடியுமா? போய்ப் பார்க்கிற அளவுக்கு அங்க என்ன இருக்கு?

தாராளமா போலாம். கலிஃபோர்னியால மொஹாவி பாலைவனத்துல ஆம்பாய் க்ரேட்டர்னு ஒரு சிண்டர் கோன், அதாவது பொடிக்கல்லு குவிஞ்சு உண்டான கூம்பு எரிமலை இருக்கு, பழைய ரூட் 66 ரோட்டுக்குப் பக்கத்துலயே. நான் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கேன், குளிர் ஆரம்பிச்சா அங்க கிளம்பிடுவேன், அதனால இதைப் பத்தியே சொல்றேன்.

கூட வர்றவங்க நிறைய பேர் பார்க்கிங்லயே நின்னு "இவ்ளோதானா"ன்னு கேட்ருவாங்க. உயரம் சுமார் 75 மீட்டர்தான், எரிமலைன்னா நம்ம மனசுல இருக்கிற படமே வேற. ஆனா இங்க அந்த மலையை மட்டும் பார்த்துட்டு திரும்பினா பாதிகூடப் பார்க்கலைன்னுதான் அர்த்தம், சுத்தி 70 சதுர கிலோமீட்டருக்கு கறுப்பா உறைஞ்சு கிடக்குதே லாவா, அதையும் அதுக்கு மேல வந்து படிஞ்ச மணலையும் சேர்த்துப் பார்த்தாதான் அந்த இடம் புரியும்.

இந்த வகை எரிமலை உருவாகிற விதம் ரொம்ப சிம்பிள். அடியில இருந்து வர்ற பாறைக்குழம்புல கேஸ் நிறைய இருக்கும், அது மேல வந்ததும் பீய்ச்சி அடிக்கும், சிதறின துளியெல்லாம் காத்துலயே ஆறி கல்லாகி வாயைச் சுத்தி விழுந்து குவியும். அங்க கிடக்கிற கல்லு ஒண்ணை கையில எடுத்துப் பாருங்க, ஆப்பம் மாதிரி உடம்பு பூரா ஓட்டை, கேஸ் வெளியேறின இடம் அதெல்லாம், அதனாலதான் பார்க்கிற சைஸுக்கு வெயிட்டே இருக்காது. மெக்ஸிகோல 1943-ல ஒரு விவசாயியோட சோளக்காட்டுல பரிக்குட்டின்னு ஒரு எரிமலை முளைச்சுதே, அதுவும் இதே ஜாதிதான், 1952 வரைக்கும் பொங்கிட்டு அப்புறம் அடங்கிடுச்சு.

கேஸ் தீர்ந்த பிறகு வர்ற லாவா பீய்ச்சாது, அப்படியே வழியும். ஆனா சுவர் ஃபுல்லா வெறும் பொடிக்கல்லு, அதால அந்த பாரத்தைத் தாங்க முடியாது, ஆம்பாய்ல மேற்குப் பக்கச் சுவரை உடைச்சுக்கிட்டு லாவா வெளிய ஓடியிருக்கு. நாம இப்போ உள்ள நடந்து போறதே அந்த உடைஞ்ச வழியாதான்! உள்ள போனா தரை வெளுத்துப் போய் தட்டையா இருக்கும், மழைத்தண்ணி கொண்டு வந்த களிமண்ணு காய்ஞ்சது. அங்கிருந்து விளிம்புக்கு ஏறி ஒரு சுத்து நடங்க. தெற்கே பிரிஸ்டல் ட்ரை லேக், வெள்ளை வெளேர்னு உப்பு, அதுல நீளமா வாய்க்கால் வெட்டி உப்புத்தண்ணியைக் காயவச்சு கால்சியம் குளோரைடு எடுக்கிறாங்க. இன்னொரு பக்கம் கூட்ஸ் ட்ரெயின் போயிட்டே இருக்கும். 1883-ல ரயில் வந்தப்போ இந்த லைன்ல ஸ்டேஷன்களுக்கு ஆம்பாய், பிரிஸ்டல், காடிஸ், டான்பின்னு இங்கிலீஷ் அகரவரிசையிலயே பேர் வச்சுட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மணலோட வேலைதான். மேற்குல இருந்து அடிக்கிற காத்து வெளிர் மணலைக் கொண்டு வந்து லாவா பள்ளத்துல எல்லாம் நிரப்புது. ஆனா மலை குறுக்க நிக்கிறதால அதுக்குப் பின்னாடி காத்து சுழன்டு அடிச்சு மணலைத் தங்க விடாது, அந்தப் பக்கம் மட்டும் கறுப்பா ஒரு பட்டை நீளமா தெரியும், சேட்டிலைட் மேப்பைத் திறந்தா இப்பவே பார்க்கலாம். மரைனர் 9 விண்கலம் 1971-72-ல செவ்வாய்க்கிரகத்தை எடுத்த படங்கள்லயும் பள்ளங்களுக்குப் பின்னாடி இதே மாதிரி பட்டைகள் இருந்துச்சு, அதனால ரொனால்ட் க்ரீலி மாதிரி விஞ்ஞானிகள் ஆம்பாய்க்கு வந்து ஆராய்ச்சி பண்ணாங்க.

உயிரே இல்லாத இடம்னு நினைச்சுடாதீங்க. சக்வாலான்னு குண்டா ஒரு பல்லி இருக்கு, ஆள் வர்றது தெரிஞ்சா லாவா வெடிப்புக்குள்ள புகுந்து உடம்பை உப்ப வச்சுக்கும், அப்புறம் யார் இழுத்தாலும் வராது. நான் ஒண்ணை ரொம்பக் கிட்ட பார்த்தேன், வெடிப்புல வாலும் மடிஞ்ச தோலும்தான் தெரிஞ்சுது, மூச்சு விடுறப்போ அந்தத் தோலு லேசா அசையுது. நல்ல மழை பெய்ஞ்ச வருஷம் வசந்த காலத்துல கறுப்புக் கல்லுக்கு நடுவுல மணல்ல ஊதாப்பூவா பூத்துக் கிடக்கும்.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன், பாதையை விட்டு சரிவுல நேரா ஏறாதீங்க, சறுக்கி இறங்காதீங்க. ஒரு தடவை பறிஞ்ச தடம் இந்த மழையில்லாத ஊர்ல அவ்ளோ சீக்கிரம் மறையாது, கீழ இருந்து பார்த்தாலே கோடு கோடா தெரியுது, எனக்கு மனசே ஆறல. 1973-லயே தேசிய இயற்கைச் சின்னமா அறிவிச்ச இடம், 2016-ல இருந்து 16 லட்சம் ஏக்கர் மொஹாவி ட்ரெய்ல்ஸ் நேஷனல் மான்யுமென்ட்ங்கிற பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ள வருது.

நவம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள போங்க. கோடையில சர்வசாதாரணமா 40 டிகிரிக்கு மேல போகும், கறுப்புக் கல்லு வேற கீழ இருந்து வாட்டும், நிழல் கிடையாது, வெயில் தாங்காம இங்க ஆளுங்க செத்தே போயிருக்காங்க. போய்ட்டு வர சுமார் 5 கிலோமீட்டர், ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணியாவது எடுத்துக்கோங்க, அங்க ஒரு குழாய்கூட இல்ல. ஷூ கெட்டியான அடிப்பாகத்தோட இருக்கட்டும், செருப்பு வேண்டாம், லாவா ஓரமெல்லாம் கண்ணாடிச் சில்லு கணக்கா வெட்டும். பெட்ரோலை ட்வென்டிநைன் பாம்ஸ்லயோ லட்லோலயோ ஃபுல்லா போட்டுட்டு, போன்ல மேப்பையும் டவுன்லோட் பண்ணிட்டு கிளம்புங்க.