பி.காம். படிக்கும் மகள் ஓவிய வரலாறு படிக்கலாமா?

அம்மா, எம்.பி.ஏ. வேண்டாம், மேற்கத்திய ஓவிய வரலாற்றில் முதுகலை படிக்கிறேன் என்று மகள் சொன்னதும் உங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும். "வரையவே தெரியாதவள் இதைப் படித்து எப்படிப் பிழைப்பாள்?" என்று கேட்கிறீர்கள். இந்தப் படிப்புக்கு வரையத் தெரிய வேண்டியதில்லை. பிழைப்பு பற்றிய உங்கள் கேள்விக்கோ அந்த வரலாற்றுக்குள்ளேயே பதில் இருக்கிறது.

பரோக் என்ற ஓவியப் பாணி முதல் போஸ்ட்-இம்ப்ரெஷனிசம் என்ற பாணி வரையிலான, ஏறக்குறைய 1600 முதல் 1900 வரையான 300 ஆண்டுகளை, 'இந்தப் படத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள்?' என்று கேட்டபடி அவள் படிக்கட்டும். 1600 வாக்கில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோவுக்கு ரோமின் தேவாலயங்கள் வேலை கொடுத்தன. 1642இல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் முடித்த 'இரவுக் காவல்' படத்துக்கு, அதில் நிற்கும் ஆம்ஸ்டர்டாம் ஊர்க்காவல் படையினரே பணம் போட்டார்கள். பிறகு பாரிஸில், நடுவர் குழு படங்களைத் தேர்ந்தெடுக்கும் சலோன் என்ற பெரிய கண்காட்சியில் இடம் கிடைக்காத ஓவியருக்கு விற்பனையே கடினம் என்றானது. அந்தப் பிடியிலிருந்து விலகத்தான் 1874இல் மோனே, ரெனுவார், தெகா முதலான இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுச் சங்கம் அமைத்துத் தனிக் கண்காட்சி நடத்தினார்கள். நட்டம்தான் வந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் சங்கத்தையே கலைத்தார்கள். அவர்கள் தாக்குப்பிடித்ததில் துராந்-ருயேல் என்ற ஓவிய வியாபாரிக்குப் பெரும்பங்கு உண்டு. படங்களை மொத்தமாக வாங்கி, 1886இல் நியூயார்க் வரை கொண்டுபோய் வாங்குவோரைத் தேடியவர் அவர்.

வான்கோவின் கதையை மகளிடமே கேளுங்கள். 1890இல் அவர் இறந்தார். ஆறே மாதத்தில் தம்பி தியோவும் இறந்தார். தியோவின் மனைவி யோ, கைக்குழந்தையோடு அந்தப் படங்களைக் காப்பாற்றி, கண்காட்சிகளுக்கு அனுப்பி, 1914இல் கடிதங்களைப் பதிப்பித்தார். அவர் தூரிகை பிடித்தவர் அல்ல. ஆனாலும் இன்று உலகம் வான்கோவை அறிந்திருப்பதற்கு அவர் உழைப்பு முக்கியக் காரணம்.

இந்தத் துறையின் வேலைகள் பெரும்பாலும் அத்தகையவை: ஒரு படம் யார் யார் கைமாறி வந்தது என்று விசாரிப்பது, பட்டியல் எழுதுவது, மதிப்பீடு, காப்பீடு, ஏலம், அருங்காட்சியகப் பணி. கணக்கும் வரியும் தெரிந்த பெண்ணுக்கு இங்கே மதிப்பு உண்டு. ஆனால் வேலைகள் பெரும்பாலும் மும்பையிலும் டெல்லியிலும்தான். ஆரம்பச் சம்பளமும் எம்.பி.ஏ. அளவுக்கு இருக்காது. இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. இங்கே சந்தையில் புழங்குவது இந்திய நவீன ஓவியங்கள். எனவே பாரிஸில் பயின்று, செசான், கோகன் என்ற போஸ்ட்-இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் பாதிப்போடு திரும்பிய அம்ரிதா ஷேர்-கில், சென்னை அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் குடியிருப்பை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் ஆகியோரையும் சேர்த்துப் படிக்கட்டும். வாசிக்கும் அளவுக்காவது பிரெஞ்சு வேண்டும். சென்னையில் பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸில் இப்போதே சேரலாம். பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம், டெல்லி ஜே.என்.யு. இரண்டின் சேர்க்கை விதிகளையும் தகுதியையும் இந்த வாரமே பாருங்கள். விரிவுரையாளர் வேலையில் விருப்பமிருந்தால் பிறகு நெட் (NET) என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டியிருக்கும்.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை கொடுங்கள். பிடித்த ஓவியம் ஒன்றை எடுத்து, யாருக்காக வரையப்பட்டது, யார் வாங்கினார், இப்போதிருக்கும் இடத்துக்கு எப்படி வந்தது என்று தேடி நான்கு பக்கம் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தேடலில் அவளுக்கு அலுப்புத் தட்டினால் எம்.பி.ஏ.வே சரி. சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தால், அந்தப் பக்கங்களோடு அவளையும் அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தைச் சேர்ந்து எழுதுவோம்.