பி ஃபிளாட் மைனரும் ஒரு துண்டுக் காகிதமும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். போன வாரம் பேரன் தன் போனில் அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் ‘அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்’ என்ற தந்தி வாத்திய இசையைப் போட்டுக் காட்டினான். இரண்டு ரெக்கார்டிங். ஒன்று 8 நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது, இன்னொன்று கிட்டத்தட்ட 10 நிமிடம். இரண்டாவதைக் கேட்டு அழுதுவிட்டேன், முதலாவதற்கு அழுகை வரவில்லை. ஆனால் இரண்டுக்கும் கீழே ‘டெம்போ: மெது, கீ: பி ஃபிளாட் மைனர், மூட்: சோகம்’ என்று ஒரே மாதிரி போட்டிருந்தது. அந்தக் கீயிலேயே, அதாவது சுருதியும் ஸ்வர வரிசையும் சேர்ந்த அதிலேயே, சோகம் இருக்கிறதா? நம் சங்கீதத்தில் 1 கட்டைச் சுருதியில் பாடினாலும் 5 கட்டையில் பாடினாலும் ராகம் அதேதானே?

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள டீச்சர்,

மேற்கத்திய இசையின் இரண்டு ஸ்வர வரிசைகளில் மைனர் என்றால் சோகம், மேஜர் என்றால் சந்தோஷம் என்பதை நான் ஏற்பதில்லை. நாமும் முகாரி என்றாலே ஒப்பாரி என்று பேசிப் பழகிவிட்டோம். சபரியின் பாக்கியத்தை வியந்து தியாகராஜர் பாடிய ‘எந்தனினே’ முகாரிதானே? அங்கேயும் அப்படித்தான். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி 1880-ல் தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய ஸ்ட்ரிங் செரனேடின் மூன்றாம் பகுதிக்கு எலெஜி, அதாவது இரங்கல் பாட்டு என்று பெயர். அது டி மேஜர். நம் கணக்கில் 2 கட்டையில் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். கேட்டால் நெஞ்சு கனத்துப்போகும்.

ஆனால் கீ வெறும் பெயர் என்றும் சொல்ல மாட்டேன். குன்னூரில் எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருநாள் பஸ் டிக்கெட்டைக் கிழித்து, நகம் அளவு துண்டை மடித்து டி தந்தியின் மேல் உட்கார வைத்தார். “நடுவில் வைக்காதே, குதிரைப் பக்கம் தள்ளி வை” என்றார். (குதிரை என்பது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு.) பக்கத்து ஏ தந்தியில் மூன்றாம் விரலை வைத்து டி ஸ்வரத்தை வாசிக்கச் சொன்னார். யாரும் தொடாத டி தந்தி அதிர்ந்து, காகிதம் துள்ளிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். விரலை அரை ஸ்வரம் கீழே இறக்கி டி ஃபிளாட் வாசித்தேன். காகிதம் அசையவே இல்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. நம் கச்சேரியில் பாடுகிறவரின் சுருதிக்கு ஏற்ப வயலின்காரர் தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகித் தந்திகளையே மாற்றிக்கொள்கிறார். (ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் பிருடை ஊதிப்போய்த் திருக வராது, அது தனிக் கஷ்டம்.) எந்தக் கட்டையானாலும் விரல் வைக்காத தந்திகள் ச, ப என்றே ஒலிக்கும். அதனால்தான் நமக்குக் கட்டை மாறினாலும் ராகத்தின் குணம் மாறுவதில்லை. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் வயலினுக்கு ஜி, டி, ஏ, ஈ என்ற நான்கும் மாறாதவை. டி மேஜரில் இந்த நான்கு ஸ்வரங்களும் உண்டு. முப்பது, நாற்பது வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும்போது தொடாத தந்திகளும் கூடவே பாடும், மரமே ஒலிக்கும். பி ஃபிளாட் மைனரில், அதாவது ஆறரைக் கட்டை நடபைரவியில், வயலினின் நான்கு தந்திகளில் ஒன்றுகூட ஸ்கேலில் சேராது. வயலினைவிடப் பெரிய வயோலா, செல்லோவின் அடித் தந்தியான சி மட்டும் சேரும். அதனால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி அடங்கி வருகிறது. பார்பரின் கீ செய்கிற வேலை இதுதான். சோகத்தை அது தானாகக் கொண்டுவருவதில்லை, சோகத்துக்கு இடம் கொடுக்கிறது.

அப்புறம் வேகம். நீங்கள் அழுதது லெனார்ட் பெர்ன்ஸ்டைன் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை நடத்திச் செய்த ரெக்கார்டிங்காக இருக்கலாம், அது கிட்டத்தட்ட 10 நிமிடம். அவ்வளவு மெதுவாக வாசித்தால் ஒரு நீண்ட ஸ்வரத்துக்கு ஒரு வில் போதாது. ஆர்கெஸ்ட்ராவில் ஒருவர் வில் திருப்பும்போது பக்கத்தில் இருப்பவர் இழுத்துக்கொண்டிருப்பார். நாதஸ்வரத்தோடு ஒத்து ஊதுகிறவர் மூச்சு விடுவது நமக்குத் தெரியாதே, அதே மாதிரி. மூச்சு எடுக்காமல் ஒரு குரல் நீண்டுகொண்டே போக, கேட்கிற நமக்கு மூச்சு முட்டுகிறது. பார்பர் 1936-ல் இதை முதலில் எழுதியது நான்கு பேர் வாசிக்கிற குவார்ட்டெட்டின் நடுப்பகுதியாக. அங்கே ஆளுக்கு ஒரு வில்தான், இந்த அளவு இழுக்க முடியாது. அதைத் தேடிக் கேளுங்கள். அழுகை வராது, ஆனால் ஒரு மனிதர் பேசுவது கேட்கும். எனக்கு அதுதான் மேல்.

‘மூட்: சோகம்’ என்று போட்டிருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. ஆர்கெஸ்ட்ராக்களை நடத்திப் புகழ்பெற்ற டாஸ்கனினி 1938-ல் நியூயார்க்கில் ரேடியோவுக்காக இதை முதன்முதலாக நடத்தினார். 1945-ல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறந்த செய்தி வந்தபோது ரேடியோவில் இது ஒலித்தது. அதிலிருந்து துக்கத்துக்கு என்றே ஆகிவிட்டது. உங்கள் ஊர்ப் பக்கத்துக் கோத்தர் பழங்குடியினர் சாவுக்கு வாசிக்கிற மெட்டைக் கோயில் விழாவில் வாசிப்பதில்லை. எந்த நாளில் கேட்டோம் என்பதும் மெட்டோடு ஒட்டிக்கொள்கிறது.

ஒன்று செய்யுங்கள். பேரனிடம் கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் மறுபடி போடச் சொல்லுங்கள். முடிகிற கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு, எஃப் மேஜர். ஆறரைக் கட்டைக்கு அது பஞ்சமம். பாட்டு ஸட்ஜத்துக்குத் திரும்பவே இல்லை, பஞ்சமத்தில் நின்றபடி ஓய்ந்துவிடுகிறது. சத்தம் அடங்கியதும் நீங்களே அந்த ‘ஸ’வைப் பாடிப் பாருங்கள்.