வாசகர் கேள்வி: குடிய நிறுத்தப்போற அண்ணனுக்கு என்ன பவுடர் வாங்கி அனுப்பலாம்?

கேள்வி: அக்கா, எங்க அண்ணனுக்கு 44 வயசு. பதினஞ்சு வருஷமா தினமும் குடிக்கறார். ரெண்டு மாசமா சாப்பாடும் சரியா இறங்கல, ஆள் பாதியாயிட்டார். இப்ப அவரே மனசு மாறி வர்ற ஞாயித்துக்கிழமையில இருந்து தொடமாட்டேன்னு சொல்லிட்டார், வீட்ல இருக்கற பாட்டில எல்லாம் அன்னைக்கே கொட்டிடறேன்னு அண்ணி சொல்றாங்க. நான் வெளியூர்ல இருக்கேன், மாசாமாசம் பணம் அனுப்பறேன். போன மாசம் போயிருந்தப்ப பார்த்தேன், காலைல குடிக்கறதுக்கு முன்னாடியே சுவத்தப் பிடிச்சுக்கிட்டுதான் நடக்கறார், அண்ணி சீக்கிரமே வேலைக்கு கிளம்பிடுவாங்க, எட்டாவது படிக்கற பையன்தான் கையப் பிடிச்சு பாத்ரூம் கொண்டு விட்டுட்டு ஸ்கூலுக்குப் போறான். தெம்பு வர்றதுக்கு என்ன பவுடர், என்ன ஜூஸ் குடுக்கலாம், குளுக்கோஸ் ஏத்தலாமா, கல்லீரல் சுத்தமாக என்ன சாப்பிடணும்னு ஒரு லிஸ்ட் குடுங்க.

பதில்: லிஸ்ட் அப்புறம் தம்பி. பவுடரு ஜூஸுன்னு கேட்டு வர்ற லெட்டர் என்கிட்ட எத்தனையோ இருக்கு, எல்லாத்துலயும் இப்படி நடுவுல ஒரு வரி போற போக்குல வந்து விழுந்திருக்கும், உன் லெட்டர்ல அது பாத்ரூம் வரி. காலைல குடிக்கறதுக்கு முன்னாடியே சுவத்தப் பிடிக்கறார்னு எழுதியிருக்க. அத நீயே கண்ணால பார்த்திருக்க, பார்த்துட்டு ஊருக்குத் திரும்பி வந்து ஒரு மாசம் கழிச்சு எனக்கு பவுடர் பேர் கேட்டு எழுதற. போதையில தள்ளாடறது வேற, போதை இல்லாதப்பவே கால் நிக்காம போறது வேறப்பா.

நான் டாக்டர் இல்ல, ஆனா இது என்னவா இருக்கலாம்னு சொல்றேன், கேட்டுக்கோ. நம்ம உடம்புல வைட்டமின் பி1 ரொம்ப கொஞ்சம்தான் சேமிப்புல இருக்கும், மொத்தமே 30 மில்லிகிராம் பக்கம், வெளியில இருந்து வராட்டி சில வாரத்துல காலி. குடிக்கறவங்களுக்கு சாப்பாடு குறையறதோட குடலும் அத சரியா உறிஞ்சாது, கல்லீரலும் பிடிச்சு வெச்சுக்காது. சாராயத்துல இருக்கற ஆல்கஹால் ஒரு கிராமுக்கு 7 கலோரி தரும், அதனால பசி அடங்கின மாதிரி இருக்கும், சத்துன்னு பார்த்தா ஒண்ணுமில்ல. உங்க அண்ணன் ரெண்டு மாசமா சரியா சாப்பிடல, கணக்குப் போட்டுப் பாரு. பி1 இல்லாம மூளையால குளுக்கோஸ எரிச்சு சக்தியாக்க முடியாது, நடைய, கண்ண, ஞாபகத்தப் பார்த்துக்கற இடங்கள்தான் முதல்ல அடி வாங்கும். கால் தடுமாறும், கண்ணு ஆடும் இல்ல ஒண்ணு ரெண்டா தெரியும், குழப்பம் வரும், மூணும் சேர்ந்தே வரணும்னு இல்ல. 1881லயே வெர்னிக்கேங்கற டாக்டர் இத எழுதி வெச்சுட்டார், இன்னும் 'நேத்து ராத்திரி ஓவரா போயிருச்சு'ன்னு சொல்லி வீட்ல படுக்க வெச்சுக்கிட்டுதான் இருக்காங்க. விட்டுட்டா அடுத்தது ஞாபகம் நிரந்தரமா போற கட்டம், நடக்காதத நடந்த மாதிரி சொல்லுவாங்க, வீட்ல உள்ளவங்க பொய் சொல்றான்னு திட்டுவாங்க, அவங்களுக்கு அது பொய்ன்னே தெரியாது, மூளை ஓட்டைய அதுவா கதை கட்டி அடைக்குது. காரணம் அதுதான்னு நான் முடிவு கட்டல, எங்கயாவது விழுந்து தலைக்குள்ள ரத்தம் கட்டியிருந்தாலும், நரம்பு கெட்டிருந்தாலும் இப்படித்தான் நடப்பாங்க. எதுவா இருந்தாலும் இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.

குளுக்கோஸ் ஏத்தலாமான்னு கேக்கற. பி1 இல்லாத உடம்புல குளுக்கோஸ மட்டும் ஏத்தினா மிச்சம் இருக்கற கொஞ்சநஞ்ச பி1-உம் அத எரிக்கறதுலயே தீர்ந்துபோய் நிலைமை இன்னும் மோசமாகலாம், அதனாலதான் டாக்டருங்க பி1 ஊசிய முதல்லயோ கூடவேயோ போடுவாங்க. பக்கத்துல யாரையாவது கூப்பிட்டு வீட்லயே பாட்டில் தொங்கவிடற வேலை வேணாம். குடல் உறிஞ்சாததால ஆரம்பத்துல மாத்திரையும் பத்தாது, ஊசிதான்.

அப்புறம் அந்த ஞாயித்துக்கிழமை. பதினஞ்சு வருஷம் தினமும் குடிச்ச மூளைய சாராயம் அமுக்கி வெச்சிருக்கும், அத எதிர்த்து மூளை தன் வேகத்தக் கூட்டி வெச்சிருக்கும், திடீர்னு சாராயத்த எடுத்துட்டா அந்த வேகம் அப்படியே அவுந்து ஓடும். சில மணி நேரத்துலயே கை நடுங்கும், வேர்க்கும், முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டுல இருந்து நாலு நாளுக்குள்ள இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சு கத்தற நிலைமை வரலாம், உயிரே போகலாம். ஞாயித்துக்கிழமை பாட்டிலக் கொட்டினா அது செவ்வாய் புதன்ல வரும். செவ்வாய்க்கிழமை காலைல உங்க அண்ணி வேலைக்குப் போயிருப்பாங்க, நீ வெளியூர்ல இருப்ப, அண்ணன் கைய யார் பிடிச்சுக்கிட்டு நிப்பான்னு யோசிச்சியா? பதிமூணு வயசுப் பையன். நிறுத்தணும், கண்டிப்பா நிறுத்தணும், ஆனா டாக்டர் கண் முன்னாடி, நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து குடுத்துதான் நிறுத்தணும்.

உங்க அண்ணியக் குத்தம் சொல்ல மாட்டேன், அவங்க வேலைக்குப் போகாட்டி அடுப்பு எரியாது. பணம் அனுப்பறதோட தம்பியோட கடமை முடிஞ்சுதுன்னு நெனச்சா அது தப்பு, நான் பழைய ஆளுன்னே வெச்சுக்கோ. பெரியவங்க சுமக்க வேண்டியது எப்பவும் வீட்ல இருக்கற சின்னதோட தோள்லதான் போய் உக்காருது, அவன் வாயத் திறந்து முடியாதுன்னு சொல்ல மாட்டான் பாரு.

சரி, கேட்டதுக்கும் சொல்லிடறேன். கல்லீரல சுத்தம் பண்ற ஜூஸுன்னு ஒண்ணும் கிடையாது, வெறும் கொழுப்பு படிஞ்ச கட்டம்னா குடிய நிறுத்தினாலே சில வாரத்துல குறைய ஆரம்பிக்கும், தழும்பு விழுந்து சிரோசிஸ் ஆயிட்டா முழுசா திரும்பறது கஷ்டம். ஆஸ்பத்திரில இருந்து வந்ததும் பாசத்துல தட்டு நிறைய வெச்சுடாதீங்க, நாள்கணக்கா பட்டினி கிடந்த உடம்புல திடீர்னு நிறைய சாப்பாடு போனா ரத்தத்துல பாஸ்பேட்ங்கற தாது உப்பு சரிஞ்சு இதயமே தடுமாறும், டாக்டர் சொல்ற அளவுல கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். அப்புறம் ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை, சின்னச் சின்னதா. புரோட்டீன் ஒரு கிலோ எடைக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் வேணும், 60 கிலோ ஆளுக்கு 72ல இருந்து 90 கிராம், ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு, அதனால பருப்பு, மீன், பால்னு எல்லா வேளையும் ஏதாவது ஒண்ணு இருக்கட்டும். கல்லீரல் கெட்டா புரோட்டீனே ஆகாதுன்னு யாராவது சொல்வாங்க, அது பழைய பேச்சு. தூங்கப்போறதுக்கு முன்னாடி கண்டிப்பா ஏதாவது சாப்பிடணும், அடிபட்ட கல்லீரலால ராத்திரி முழுக்க தாங்கற அளவு சர்க்கரைய சேமிக்க முடியாது, வெறும் வயித்தோட படுத்தா உடம்பு சதைய உருக்கித் தின்னும். பி1 வேலை செய்ய மெக்னீசியமும் வேணும், கீரை, கொட்டை வகை, தீட்டாத தானியம் எல்லாம் அதுக்குத்தான். வைட்டமின் ஏ மாத்திரை, இரும்பு மாத்திரை எதையும் நீயா வாங்கி அனுப்பாத, இந்தக் கல்லீரலுக்கு அதுவே விஷமாகலாம்.

இன்னைக்கு ராத்திரியே கிளம்பு. டாக்டர் கேப்பார், தினமும் எவ்வளவு, கடைசியா எப்ப குடிச்சார், எப்பல இருந்து கால் தடுமாறுது, தலை அடிபட விழுந்தாரா, ஒண்ணு ரெண்டா தெரியுதுன்னு சொன்னாரான்னு. உனக்கும் தெரியாது, அண்ணிக்கும் பாதிதான் தெரிஞ்சிருக்கும். அந்தப் பையனக் கேளு, நாள் கிழமையோட சொல்வான். எழுதிக்கோ. ஆனா ஆஸ்பத்திரிக்கு அவனக் கூட்டிட்டுப் போகாத, அவனுக்கு ஸ்கூல் இருக்கு.