சென்னை வால்டாக்ஸ் ரோட்டுக்கு ஏன் அந்தப் பெயர்?

'வால் டாக்ஸ்' என்றால் மதில் வரிதான். மைசூர் ஹைதர் அலி பயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள், 1770களின் தொடக்கத்தில். செலவை ஊர்க்காரர்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். மதில் பெரும்பாலும் போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்குகிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம். இன்றைய உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில்தான் பழைய கறுப்பர் நகரம் இருந்தது: நெசவாளர்கள், வியாபாரிகள், கோயில் எல்லாம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்த பிறகு அது இடிபட ஆரம்பித்தது. மிச்சத்தை ஆங்கிலேயர்களே தரைமட்டமாக்கினார்கள். பீரங்கி சுட மறைப்பில்லாத வெட்டவெளி வேண்டுமாம்! சனங்கள் வடக்கே தள்ளப்பட்டார்கள். அதுதான் இப்போதைய ஜார்ஜ் டவுன்.

அந்த வெட்டவெளியில் யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773இல் ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள். ஒன்று மட்டும் பாரிமுனை டேர் ஹவுஸ் வளாகத்தில் இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் யார் கண்ணிலும் படாது. எனக்கே நாலாவது முறைதான் தட்டுப்பட்டது.