ஆளில்லாத நேரத்தில் யார் பாட்டுப் போடுவது?

கேள்வி: இசைப் பித்துப் பிடித்த பத்து நண்பர்கள் சேர்ந்து இணைய வானொலி தொடங்கப்போகிறோம். முதலில் மைக் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நாங்கள் அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். மைக் வந்தது, நள்ளிரவில் பேச ஆள் வரவில்லை. அஸுராகாஸ்ட் என்ற இலவச மென்பொருளை முதலில் நிறுவுங்கள். அதிலுள்ள ஆட்டோ டிஜே, ஆளில்லாத நேரத்தில் பட்டியலிலிருந்து தானே பாட்டுப் போடும்.

நேரலைக்கு ஒவ்வொருவருக்கும் தனி பாஸ்வேர்டு கொடுங்கள். எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஒன்றே. ஒருநாள் இரவு நிகழ்ச்சி நடத்தியவர் இணைப்பைத் துண்டிக்காமல் தூங்கிப்போனார். அடுத்தவரால் உள்ளே நுழைய முடியவில்லை; ஒரே பாஸ்வேர்டு என்பதால் யார் இணைப்பில் இருக்கிறார் என்றும் தெரியவில்லை. நாற்பது நிமிடம் மின்விசிறிச் சத்தம்தான் ஒலிபரப்பு. (ஒரு நேயர் நன்றாக இருந்தது என்றார்!)

வீட்டு இணைப்பை நம்பாதீர்கள், சர்வர் வாடகைக்கு எடுங்கள். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) ஒலித் தரத்தில் ஒரு நேயர் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 58 எம்பி டேட்டா செலவாகும். 50 பேர் கேட்டால் கிட்டத்தட்ட 2.9 ஜிபி.

அப்புறம், காசு கொடுத்து வாங்கிய பாட்டு என்றாலும் ஒலிபரப்பத் தனி உரிமம் வேண்டும். அது கிடைக்கும்வரை, தெரிந்த கலைஞர்களின் சொந்தப் பாடல்களை எழுத்தில் அனுமதி வாங்கிப் போடுங்கள்.