கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் வீடு: ஈ, நாற்றம், கிணற்றுத் தண்ணீர் பற்றிப் பயப்பட வேண்டுமா?

பயப்படுவதற்கு முன்னால் ஷெட்டுக்கு அடியில் எரு எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைகளில் கூண்டு உயரத்தில் இருக்கும்; எச்சம் கீழே விழுந்து மாதக்கணக்கில் சேரும். ஒரு கோழி நாளைக்குச் சுமார் 100 கிராம் எச்சமிடும். ஒரு லட்சம் கோழிக்கு 10 டன். அதில் முக்கால் பங்கு தண்ணீர். இந்தத் தண்ணீர் காயாமல் போனால்தான் தொல்லை எல்லாம்.

காய்ந்த எரு கூம்பு கூம்பாக நிற்கும். சேறு மாதிரி பரவிக் கிடந்தால் மேலே நிப்பிள் (கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனை) ஒழுகுகிறது, இல்லையென்றால் தீவனத்தில் உப்பு கூடிவிட்டது, அதுவும் இல்லையென்றால் கோழிக்குக் கழிச்சல். கோடையில் கோழி தண்ணீர் கூடுதலாகக் குடிப்பதால் எச்சமும் இளகும். ஈ முட்டையிட்டுப் புழுவாகி மறுபடி ஈயாகப் பறக்க, அந்த வெக்கையில் 7 முதல் 10 நாள் போதும்.

ஈ பெருகியதும் பெரும்பாலும் செய்வது எருவின் மேல் மருந்தடிப்பது. அது ஈப்புழுவைத் தின்னும் வண்டுகளையும், கூட்டுப்புழுவில் முட்டையிடும் குட்டிக் குளவிகளையும் சேர்த்தே கொன்றுவிடும். அடுத்த வாரம் ஈ இன்னும் அதிகமாக வரும். ஈ சீசனில் எருவை ஒட்டச் சுரண்டி அள்ளுவதும் அதே தப்பு. அரை அடிக்குக் காய்ந்த எருவை விட்டுவைத்தால் அந்த வண்டுகள் பிழைக்கும். ஈரத்தை இழுக்கச் சுண்ணாம்பு தூவுவார்கள். காரத்தன்மை ஏறுவதால் எருவிலுள்ள அம்மோனியா சட்டென்று வாயுவாகக் கிளம்பும். அன்றைக்குத் தெருவே கண்ணைக் கசக்கும். ஒழுகும் நிப்பிளை மாற்றி, மின்விசிறி வைத்து, ஈரமான இடத்தில் மரத்தூள் போடுவதுதான் சரி. உள்ளே வேலை செய்கிறவர்களின் மூக்குக்கு அம்மோனியா பழகிவிடும் என்பதால், "நாத்தமே இல்லீங்க" என்று அவர்கள் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கிணற்றுத் தண்ணீரில் பார்க்க வேண்டியது நைட்ரேட், எருவிலுள்ள நைட்ரஜனிலிருந்து உண்டாகும் உப்பு. எருவைக் குவித்து வைத்த இடத்திலிருந்து மழை அதை மண்ணுக்குள் இறக்கும். நிறம், மணம், சுவை எதிலும் தெரியாது; பரிசோதனைதான் வழி. லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் அனுமதி. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மாவு கலந்து ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுத்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட்டின் அடர்த்தி ஏறும். குளோரினும் பயன்படாது. ஆர்ஓ குறைக்கும்.

கோழிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கொடுத்து, அந்த மருந்துக்கு அடங்காமல் போன கிருமிகள் எருவிலும் ஈயின் காலிலும் வெளியே வரும். கடைசிக் கட்டத்தில் மனிதருக்குக் கொடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை, இறைச்சிக்கும் முட்டைக்கும் வளர்க்கும் பிராணிகளுக்காகத் தயாரித்து விற்பதை இந்தியா 2019இல் தடை செய்தது அதனால்தான். ஆகவே, தோட்டத்துக்குப் பண்ணை எரு வாங்கினால் பச்சையாகக் கீரைக்குப் போடாதீர்கள். குவித்து, நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறவிட்டு, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சில தடவை புரட்டி மக்கவைத்த பிறகு போடுங்கள்.