துக்க காலத்தில் தாய்லாந்து போகலாமா?

(2016 நவம்பரில் எழுதிய கேள்வி–பதில். இதில் வரும் நிலவரமும் கட்டணமும் அப்போதையவை.)

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருடம் ஆகிறது. டிசம்பர் 5-ஆம் தேதிதான் அந்த நாள். அதைக் கொண்டாட கொழுந்தனார் குடும்பம், என் அண்ணன் குடும்பம், மாமியார் என்று பதினோரு பேர் பாங்காக், பட்டாயா போக ஆகஸ்டிலேயே டிக்கெட் போட்டுவிட்டோம். இப்போது அந்த ஊர் மன்னர் இறந்துவிட்டார், ஒரு வருடம் துக்கம் என்கிறார்கள். "எழவு விழுந்த வீட்டுக்கு யாராச்சும் சிரிச்சுக்கிட்டுப் போவாங்களா?" என்கிறார் மாமியார். டிக்கெட் பணம் திரும்ப வராது. கொழுந்தனார் பனியன் கம்பெனி வைத்திருப்பதால் எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் '25' என்று போட்ட டி-ஷர்ட் வேறு அடித்துவிட்டார். அங்கே கறுப்புதான் உடுத்த வேண்டுமாமே, கல்யாண நாளும் அதுவுமாகக் கறுப்பா? கடை, கோயில் எல்லாம் திறந்திருக்குமா? போகலாமா, வேண்டாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாகப் போய்விட்டு வாருங்கள். உங்கள் மாமியார் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அந்த எழவு வீட்டுக்காரர்களே "வாருங்கள்" என்றுதான் சொல்கிறார்கள். வருகிறவர்கள் முடிந்தால் அடக்கமான நிறத்தில் உடுத்துங்கள், துக்கத்துக்குப் பொருந்தாத மாதிரி நடந்துகொள்ளாதீர்கள் என்பதுதான் தாய்லாந்து சுற்றுலாத் துறை வெளிநாட்டவரிடம் கேட்டுக்கொண்டது. உணவகம், படகு, டாக்ஸி, மசாஜ் கடை என்று கோடிக்கணக்கான வெளியூர்க்காரர்களை நம்பி வாழ்கிற நாடு அது. நீங்கள் போகாமல் இருந்தால் மன்னருக்கு மரியாதை கூடப்போவதில்லை, யாரோ ஒரு டாக்ஸிக்காரருக்கு ஒரு நாள் சவாரி குறையும், அவ்வளவுதான்.

பெரிய தலைவர் மறைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மனதில் ஒரு படம் பதிந்து கிடக்கிறது. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது வழியில் மாட்டிக்கொண்டவர்கள் இன்றைக்கும் அதைக் கதையாகச் சொல்வார்கள். பஸ் ஓடாது, டீக்கடை திறக்காது, கல் பறக்கும். அந்தப் படத்தை அப்படியே பாங்காக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். பூமிபோல் மன்னர் 2016 அக்டோபர் 13-ஆம் தேதி பிற்பகல் சிரிராஜ் மருத்துவமனையில் காலமானார். மறுநாள் அரசு விடுமுறை விட்டார்கள், ஆனால் ரயில் ஓடியது, கடைகள் திறந்திருந்தன, பங்குச் சந்தையில் வியாபாரம்கூட நடந்தது. மன்னரின் உடல் மருத்துவமனையிலிருந்து அரண்மனைக்குப் போன வழி நெடுக லட்சக்கணக்கானவர்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். கலவரம் எதுவும் இல்லை.

அப்புறம், 'ஒரு வருடம்' என்பதைக் கேட்டுத்தான் உங்கள் வீட்டில் மிரண்டுபோயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வருடம் அரசு ஊழியர்கள் துக்க உடை உடுத்துவதற்கானது. பொதுமக்களைக் கேளிக்கைகளைத் தவிர்க்கச் சொன்னதும் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டதும் 30 நாட்களுக்கு. நீங்கள் போகும்போது அது முடிந்திருக்கும். டிவி சேனல்கள் எல்லாம் கறுப்பு வெள்ளையாகி மன்னரைப் பற்றிய நிகழ்ச்சிகளையே ஒளிபரப்பிய நாட்களும் கடந்துவிட்டன. முதல் 30 நாட்களுக்குள் போயிருந்தால் சிரமம்தான். பா-ங்ஙான் தீவின் பௌர்ணமி விருந்தை அந்த மாதம் ரத்தே செய்துவிட்டார்கள்.

உங்கள் மாமியாருக்கு அதிர்ச்சியாக இருக்கப்போவது வேறு ஒன்று. மன்னரின் உடல் இன்னும் அரண்மனையில், துசித் மகா பிரசாத் மண்டபத்தில்தான் இருக்கிறது. அடுத்த வருடம்தான் தகனம். நம் ஊரில் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படுவோம். அவர்களின் அரச குடும்பத்தில் பல மாதம் வைத்திருந்து, 7, 15, 50, 100 என்று நாள் கணக்கில் பௌத்தச் சடங்குகள் செய்து, அரண்மனைக்குப் பக்கத்திலுள்ள சனம் லுவாங் மைதானத்தில் மேரு மலையின் வடிவில் ஒரு தகன மண்டபமே கட்டித்தான் எரியூட்டுவார்கள். இந்த மன்னரின் அக்கா 2008 ஜனவரியில் இறந்தார், தகனம் நவம்பரில். இவருக்கு முன்னால் ஆண்ட அண்ணன் ஆனந்த மகிடோல் 1946-இல் இறந்தார், தகனம் 1950-இல். ஆக, துக்கம் நீளுவது தகனம் வரைக்கும் என்ற கணக்கில்தான். இதற்காக ஊர் இயங்காமல் நின்றுவிடாது.

சரி, உடைக்கு வருவோம். திருப்பூர்க்காரரான உங்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும்: அந்த முதல் வாரத்தில் பாங்காக்கில் கறுப்புச் சட்டைக்குப் பஞ்சமே வந்துவிட்டது. விலையை ஏற்றிய கடைகளை அரசாங்கம் கண்காணிக்க வேண்டியதாயிற்று. வாங்க வசதியில்லாதவர்களுக்காகத் தெருவோரத்தில் அடுப்பு மூட்டி, பெரிய பெரிய பாத்திரங்களில் கறுப்புச் சாயத்தைக் கொதிக்க வைத்து, கொண்டுவந்த துணியை இலவசமாக முக்கிக் கொடுத்தார்கள். சிவப்பும் பச்சையுமாக உள்ளே போன டி-ஷர்ட்டுகள் கழியால் கிளறப்பட்டுக் கறுப்பாக வெளியே வந்து கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. அதுவும் முடியாதவர்கள் சட்டைக் கையில் ஒரு கறுப்பு ரிப்பன் குத்திக்கொண்டார்கள். கறுப்பு உடுத்தவில்லை என்று யாரையும் குறை சொல்லாதீர்கள் என்று அரசாங்கமே கேட்டுக்கொண்டது.

வெளிநாட்டவருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. கல்யாண நாளில் கறுப்பு வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் வேண்டாம். வெள்ளை, சாம்பல், கருநீலம், அடர்பழுப்பு எல்லாம் போதும். கருநீலத்தில் நல்ல பட்டுப்புடவை கிடைக்காத ஊரா நம்முடையது? ஆனால் அந்த ஆரஞ்சு டி-ஷர்ட்டைச் சென்னை விமான நிலையத்தில் போட்டு போட்டோ எடுத்துக்கொண்டு பெட்டியில் வைத்துவிடுங்கள். தனியாக ஒருவர் பளிச்சென்று உடுத்தினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பதினோரு பேர் ஒரே ஆரஞ்சில், கறுப்பு உடுத்திய கூட்டத்துக்கு நடுவே செல்ஃபி ஸ்டிக்கோடு நின்றால் அது ஊர்வலம் மாதிரி இருக்கும். கொழுந்தனார் கோபித்துக்கொண்டால், அதே சைஸில் சாம்பல் நிறத்தில் இன்னொரு செட் அடிக்கச் சொல்லுங்கள். அவருக்கு அரைநாள் வேலை.

நீங்கள் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. டிசம்பர் 5 பூமிபோல் மன்னரின் பிறந்தநாள். 1927-இல் அதே தேதியில் பிறந்தவர். அந்த நாளைத்தான் தாய்லாந்து தந்தையர் தினமாகக் கொண்டாடி வந்தது. அவர் இல்லாமல் வருகிற முதல் டிசம்பர் 5 இது. 1946 ஜூனிலிருந்து எழுபது வருடம் ஆண்டவர், எழுபது வயதுக்காரருக்குக்கூட வேறு மன்னரைப் பார்த்த நினைவு இருக்காது. உலர் நிலத்தில் செயற்கை மழை, அபின் விளைந்த மலையில் காப்பிச் செடி என்று ஊர் ஊராக அலைந்தவர் என்று சொல்வார்கள். கழுத்தில் கேமராவும் கையில் வரைபடமுமாக அவர் நிற்கிற படத்தைக் கடைக்குக் கடை பார்ப்பீர்கள். அன்றைக்கு உங்கள் ஓட்டல் நீச்சல்குளத்தருகே டிஜே வைத்து ஆட்டம் போடுவது சரிவராது. ஓட்டலும் சம்மதிக்காமல் போகலாம். தனி அறையில் கேக் வெட்டுங்கள், நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள், சிரியுங்கள், யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஆட்டம் பாட்டம்தான் வேண்டுமென்றால் 6-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்து, அதையும் நாலு சுவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 5-ஆம் தேதி சில மதுக்கூடங்கள் திறக்காமலும் இருக்கலாம். உங்கள் குழுவின் ஆண்களிடம் இதை இப்போதே சொல்லிவிடுவது உங்களுக்கு நல்லது. பட்டாயாவைப் பற்றி எனக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே கடல் இருக்கிறது.

உடையைவிட நான் கவலைப்படுவது வாயைப் பற்றியும் வாட்ஸ்அப்பைப் பற்றியும்தான். நம் ஊரில் முதலமைச்சரையும் பிரதமரையும் மீம் போட்டு வறுத்தெடுத்தே பழகிவிட்டோம். தாய்லாந்தில் அரச குடும்பத்தை அவமதிப்பது குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் வருகிறது. ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 வருடம் சிறை. வெளிநாட்டவருக்கும் அதே சட்டம்தான். மன்னரின் படங்கள்மேல் பெயின்ட் அடித்த சுவிஸ் நாட்டுக்காரர் ஒருவருக்கு 2007-இல் பத்து வருடத் தண்டனை கொடுத்தார்கள். பிறகு மன்னரே மன்னித்து நாட்டைவிட்டு அனுப்பிவைத்தார். 2015-இல் ஒரு தொழிற்சாலை ஊழியர்மீது போட்ட வழக்கில், மன்னரின் நாயைப் பற்றிக் கிண்டலாக எழுதியதும் ஒரு குற்றச்சாட்டு. இறந்தவரைப் பற்றித்தானே பேசுகிறோம் என்றும் நினைக்க வேண்டாம். 1868-இல் இறந்துபோன நான்காம் ராமா மன்னரைப் பற்றிப் பேசியதற்குக்கூட 112 பொருந்தும் என்று அவர்களின் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மக்களின் மனநிலையைப் பாருங்கள். மன்னர் இறந்த சில நாட்களில் புக்கெட்டிலும் சாமுய் தீவிலும், இணையத்தில் ஏதோ எழுதிவிட்டார்கள் என்று சொல்லி ஆட்களைத் தேடிக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். சாமுயில் ஒரு பெண்ணை மன்னரின் படத்துக்கு முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. துக்கம் என்ற பெயரில் ஊர் கூடி ஒருவரை மிரட்டுவது எந்த ஊரிலும் அசிங்கம்தான். ஆனால் அதைத் திருத்துவது உங்கள் ஆறு நாள் பயணத்தின் வேலை இல்லை. எனவே, டாக்ஸியில் ஏறிக்கொண்டு "அடுத்த ராஜா எப்படி? ஏன் இன்னும் பட்டம் கட்டிக்கொள்ளவில்லை?" என்று உங்கள் அண்ணன் ஆரம்பித்தால் காலை மிதித்துவிடுங்கள். பட்டத்து இளவரசர் தாமும் துக்கம் அனுசரிக்க அவகாசம் கேட்டிருக்கிறார், அதுவரை பிரேம் தின்சுலானோன் என்ற மூத்தவர் பொறுப்பில் இருக்கிறார். இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே கேட்க வேண்டாம். குடும்பக் குழுவில் யாராவது மன்னர் பற்றிய வீடியோ அனுப்பினால் அங்கிருந்து ஃபார்வேர்டும் வேண்டாம், லைக்கும் வேண்டாம்.

அரண்மனையும் மரகதப் புத்தர் கோயிலும் நவம்பர் 1 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு மறுபடி திறந்திருக்கின்றன, கட்டணம் ஆளுக்கு 500 பாட். சடங்கு நாட்களில் திடீரென்று மூடக்கூடும் என்பதால் முதல்நாள் இரவே ஓட்டல் வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் ஒருவர் வந்து "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்" என்றால் மட்டும் நம்பாதீர்கள். அது துக்கத்துக்கு முன்பிருந்தே நடக்கிற பழைய ஏமாற்று, கடைசியில் ரத்தினக் கடையில் கொண்டுபோய் விடுவார். தோளும் முழங்காலும் மூடிய உடை அங்கே எப்போதுமே கட்டாயம்.

சனம் லுவாங் பக்கம் அஞ்சலி செலுத்த வந்தவர்களின் வரிசையைப் பார்ப்பீர்கள். அக்டோபர் 29 முதல் பொதுமக்களை மண்டபத்துக்குள் விடுகிறார்கள், விடியும் முன்பே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகச் சோறும் தண்ணீரும் இலவசமாகக் கொடுக்கிறவர்கள், மோட்டார் சைக்கிளில் காசு வாங்காமல் கொண்டுபோய் விடுகிறவர்கள் என்று அந்த வட்டாரமே ஓர் அன்னதானக் கூடமாக இருக்கிறது. உங்களுக்கும் நீட்டுவார்கள். மறுக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன் அதில் மீனோ இறைச்சியோ இருக்கிறதா என்று மாமியாருக்காகக் கேட்டுவிடுங்கள். அழுகிறவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

மாமியாரைச் சமாதானப்படுத்த ஒரு வழி இருக்கிறது. அரண்மனையிலிருந்து கொஞ்ச தூரத்தில் உயரமான சிவப்பு ஊஞ்சல் கம்பங்கள் இரண்டு நிற்கும். அதையொட்டி இருப்பது அரசவைப் பிராமணர்களின் கோயில். சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் அங்கே சன்னதி உண்டு. மார்கழி–தை ஒட்டி அவர்கள் நடத்தும் விழாவின் பெயர் 'திரியம்பவாய் – திருப்பவாய்'. மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் ஆண்டாளின் திருப்பாவையும்தான். கிரந்த எழுத்தில் எழுதி வைத்த தமிழ்ப் பாட்டை, பொருள் தெரியாமலே தலைமுறை தலைமுறையாக ஓதி வருகிறார்கள். அரச குடும்பத்தின் சடங்குகளில் சங்கு ஊதுகிறவர்களும் அவர்கள்தான். அதைப் பார்த்துவிட்டு சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்கும் கூட்டிப்போங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டியது, இன்று தாய்லாந்துக்காரர்கள்தான் அதிகம் வந்து கும்பிடுகிறார்கள். கல்யாண நாள் காலையில் அங்கே போய் ஓர் அர்ச்சனை செய்துவிட்டால் எழவு வீடு என்ற பேச்சு அத்தோடு அடங்கிவிடும்.

பணத்தை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் 8-ஆம் தேதி இரவு செல்லாது என்று அறிவித்ததிலிருந்து நம் பழைய 500, 1000 ரூபாய் நோட்டு படும் பாடு உங்களுக்கே தெரியும். பாங்காக்கில் மாற்றிக்கொள்ளலாம் என்று பழைய நோட்டைக் கட்டிக்கொண்டு போனால் அப்படியே திரும்பிக் கொண்டுவர வேண்டியதுதான். உங்கள் வங்கியிடம் பேசி டிராவல் கார்டு வாங்கிவிடுங்கள். கையில் பாட் வந்த பிறகு, நோட்டு கீழே விழுந்து காற்றில் பறந்தால் நாம் சட்டென்று செருப்புக் காலை வைத்து மிதித்து நிறுத்துவோமே, அதை மட்டும் அங்கே செய்யாதீர்கள். எல்லா நோட்டிலும் மன்னரின் முகம் இருக்கிறது. குனிந்து கையால் எடுங்கள், இந்த நேரத்தில் கூடுதல் கவனம் தேவை. ஏதாவது சிக்கல் வந்தால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, பதினோரு பேர் போனிலும் ஏற்றிவிடுங்கள்.